பென்ஷனுக்காக மார்கழியை மீறியது குறித்து பட்டு மாமாவுக்கு

உ

கசார்வாடி, புனே
1.1.2004

மாயவரம் பட்டு மாமாவுக்கு அபயாம்பாள் எழுதிக்கொண்டது. உங்களுக்கும் மாமிக்கும் என் நமஸ்காரங்கள். இங்கே அப்பா, அம்மா, மௌலி அண்ணா, நான், கிரைண்டர் எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் சர்க்கரையும் மாமியின் முழங்காலும் அதனதன் அளவில் இருக்கின்றனவா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நியாயமாக இந்தக் கடிதத்தை அப்பாதான் எழுதியிருக்க வேண்டும். அப்பா அம்மாவை எழுதச் சொன்னார். அம்மா, "எங்கண்ணாவுக்கு எந்த மூஞ்சிய வச்சுண்டு எழுதறது? நீ எழுதுடா" என்று அண்ணாவிடம் தள்ளினாள். அண்ணா, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். அப்போது சாயங்காலம் ஆறரை மணி. ஆகையால் என்னிடம் வந்துவிட்டது. மனிதர்களோடு பேசுவதற்குத்தான் எனக்குக் கூச்சமே தவிர, எழுதுவதற்கு இல்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினாலும் நீங்கள் கட்டுக் கட்டாக அனுப்பும் பழைய வாரப் பத்திரிகைகளைப் படித்துத் தமிழை விடாமல் வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் பத்திரிகைகளின் பிழை என்று எடுத்துக்கொள்ளவும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை நல்ல வேளையில் சேரும்படி நீங்கள் நாள் பார்த்துக் கொடுத்தீர்களே, அந்த வேலையில் அண்ணா நேற்றே சேர்ந்துவிட்டான். மார்கழியில். கோபித்துக்கொள்வதற்கு முன்னால் மீதியையும் படித்துவிடும்படி அம்மா உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறாள்.

அப்பாவுக்கும் பென்ஷனுக்கும் உள்ள சம்பந்தம் உங்களுக்குத் தெரியும். சம்பந்தமே இல்லை என்பதுதான் சம்பந்தம். இருபத்திரண்டு வருஷம் நட்டு போல்ட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தார். கம்பெனியை மூடின அன்று முதலாளி இரண்டு கையாலும் அப்பா கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொஞ்சம் பணமும் கொடுத்தார். அந்தப் பணத்தை அப்பா தேக்கு மரம் வளர்க்கும் கம்பெனி ஒன்றில் போட்டார். இருபது வருஷத்தில் மரம் பணமாகும், அதுதான் என் பென்ஷன் என்றார். நம்முடைய செடி இதுதான் என்று அவர்கள் அனுப்பின போட்டோவைச் சுவாமி அலமாரியில் வைத்து அம்மா தினமும் ஒரு பூவும் போட்டாள். இரண்டாம் வருஷம் கம்பெனியையும் காணோம், காட்டையும் காணோம். அதற்குப் பிறகுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டதும், நாங்கள் இட்லி மாவு அரைத்து பாணேர் அடுக்குமாடி வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்ததும். இதில் ஒரு சங்கடம் உங்களால் வந்தது. நீங்கள் கோபிக்கக் கூடாது. உங்களுக்கு ஒன்றாம் தேதி டாண் என்று பென்ஷன் வருகிறது என்பதை எப்போது அம்மா சொல்லிக்காட்ட ஆரம்பித்தாளோ, அன்று முதல் ஒன்றாம் தேதிகளில் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. போன தடவை வந்தபோது நீங்கள் வேறு, "பென்ஷன்ங்கறது கல்யாணமாகாத பிள்ளை மாதிரி ஓய், மாசா மாசம் கையில கொடுக்கும், எதிர்த்துப் பேசாது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்பா அதை மறக்கவே இல்லை. அண்ணாவுக்கு மத்திய அரசாங்க ஆபீஸில் கிளார்க் வேலை என்று கடிதம் வந்ததும், சம்பளம் எவ்வளவு என்று அப்பா கேட்கவில்லை. "பென்ஷன் உண்டோன்னோ?" என்றுதான் கேட்டார். அண்ணாவுக்கு இருபத்துமூன்று வயது.

அந்தக் கடிதம் மார்கழி பிறந்த மறுநாள் வந்தது. முப்பது நாளைக்குள் சேரலாம் என்று இருந்தது. நீங்கள் குறித்த தை இரண்டு அந்த முப்பதுக்குள் அடங்கியது. பகவானே கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். நேற்று காலை வரைக்கும்.

நேற்று காலை வழக்கம்போல் அண்ணாவின் லூனா மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பாணேருக்கு மாவு கொடுக்கப் போனேன். அண்ணா கீழே நிற்பான், நான் மாடிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். லலிதா மாமி வீட்டில் அவர் கணவர் ரவிசந்திரன் சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேங்க் ஆபீஸர். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, ஒங்கண்ணா ஜாயின் பண்ணிட்டானோன்னோ? இன்னிக்குத்தான் கடைசி நாள். நாளையிலேர்ந்து சேர்றவாளுக்குப் பழைய பென்ஷன் கிடையாது" என்றார். அவர் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டேன். நான் ஆட்டினதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அவர் மேலே பேசினார். "அரசாங்கத்துக்குக் கட்டுப்படி ஆகலை பாரு. வேலை பாக்கறவாளுக்கு ஒரு சம்பளம், பாத்து முடிச்சவாளுக்கு ஒரு சம்பளம். எல்லாம் இன்னிக்கு வர்ற வரிப் பணத்துலேர்ந்து. மனுஷா முன்ன மாதிரியா? எண்பது தொண்ணூறுன்னு இருக்கா. இனிமே அவாவா சம்பளத்துல பிடிச்சு, அதோட அரசாங்கமும் போட்டு, ஃபண்டுல போடுவா. அது வளர்ந்தா பென்ஷன்." வளராவிட்டால் என்ன என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள் மாமா. அரசாங்கத்துக்கு அதுதான் கஷ்டமாம்.

கீழே வந்ததும் அண்ணாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டி ஓட்டும்போது பேசினால் அவனுக்குப் பிடிக்காது. அதனால் மீதி ஆறு வீட்டுக்கும் மாவு கொடுத்து முடித்து, கசார்வாடி வந்து, அவன் லூனாவுக்கு ஸ்டாண்டு போட்ட பிறகு சொன்னேன். அண்ணா, "இத இப்ப சொல்றியா!" என்று கத்தினான். அப்பா பூஜையிலிருந்து பாதி மந்திரத்தில் எழுந்து வந்தார். ஃபண்டு, வளரும் என்ற இரண்டு வார்த்தையையும் கேட்டதும் அவருக்கு முகமே மாறிவிட்டது.

"வளருமா? எங்க வளரும்? எந்தக் காட்டுல?"

"ஷேர் மார்க்கெட்லயும் போடுவாளாம்ப்பா."

"கிளம்புடா. இப்பவே சேரு."

அம்மா வாசல்படியில் குறுக்கே நின்றாள். "ஏன்னா, மார்கழில ஒரு வேலையை ஆரம்பிக்கறதாவது! எங்கண்ணா தை ரெண்டுன்னு குறிச்சுக் கொடுத்திருக்கான்."

"ஒங்கண்ணாவுக்கு பென்ஷன் வரது. அவர் தை வரைக்கும் என்ன, சித்திரை வரைக்கும்கூடக் காத்துண்டிருப்பார்."

இது அப்பா கோபத்தில் சொன்னது. எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள். எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

உங்களையே கேட்டுவிடலாம் என்று அண்ணா எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப் போய் போன் செய்தான். மாமிதான் எடுத்தாள். நீங்கள் வீதி பஜனைக்குப் போயிருப்பதாகவும், சுண்டல் முடிந்துதான் வருவீர்கள் என்றும் சொன்னாளாம். மார்கழி எங்களை அங்கேயும் விடவில்லை. கடைசியில் அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். "நாம இருக்கறது மகாராஷ்டிரா. இங்க மார்கழி செல்லாது" என்றார். அம்மாவுக்கு அதில் பாதி சமாதானம். மீதிப் பாதிக்கு, புறப்படும்போது சகுனமாவது நன்றாக இருக்கட்டும் என்று அவளே நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். அப்பாவும் அண்ணாவும் படியிறங்கினார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டு மராத்தி மாமி ஷிண்டே காக்கு துணி உலர்த்திக்கொண்டே, "காய் ஹோ, குடே சால்லாத்?" என்று சிரித்தாள். எங்கே போகிறீர்கள் என்பதுதான் இவர்களுக்கு வணக்கம் மாதிரி. காரியமாகப் புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது இவர்களுக்குத் தெரியாது. அப்பா அப்படியே நின்றார். சரி, கேட்டது கேட்டாயிற்று என்று, அண்ணா இன்று வேலையில் சேருகிறான் என்றும், இங்கே மார்கழி தோஷம் கிடையாதே என்றும் ஹிந்தியில் சொல்லி வைத்தார். காக்கு கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு, "இப்ப எங்களுக்குப் பௌஷ மாசமில்லையா! பௌஷத்தில் யாராவது நல்ல காரியம் பண்ணுவார்களா? நக்கோ நக்கோ!" என்றாள்.

இரண்டு பஞ்சாங்கமும் கைவிட்ட பிறகு அப்பா உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். எழுந்து மறுபடி புறப்பட்டார். அதற்குள் லோக்கல் ரயில் போய்விட்டது. அம்மா இந்தத் தடவை விடவில்லை. வீட்டு வாசல் சகுனம் கெட்டுப்போனதால் ஆபீஸ் வாசலில் புதிதாக ஒரு நல்ல சகுனம் வேண்டும், அதற்குக் கன்னிப் பெண்ணாக நான் நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும் என்றாள். ரயிலில் தண்ணீர் தளும்புமே என்றான் அண்ணா. "மாவு தளும்பாது" என்று அம்மா எவர்சில்வர் தூக்கு நிறைய இட்லி மாவை ஊற்றிக் கொடுத்தாள். புனே டிசம்பர் குளிரில் மாவு பொங்காது என்பதால் எப்போதும் கம்பளியைச் சுற்றி வைப்போம். அன்றைக்கும் பழக்கத்தில் தூக்குக்குக் கம்பளியைச் சுற்றிவிட்டாள். ரயிலில் மூன்று பேருக்கும் குளிரில் பல் தந்தியடித்தது. தூக்கு மட்டும் என் மடியில் சூடாக உட்கார்ந்திருந்தது.

ஆபீஸ், கேம்ப் என்கிற பட்டாளப் பேட்டைப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய இரும்பு கேட், காக்கி போட்ட காவலாளி. அப்பா என்னிடம், "நீ முன்னால உள்ள போய், திரும்பி எங்களப் பாத்து வா. சிரிச்சாப்ல வா" என்றார். யாரும் பார்க்காத இடத்திலேயே எனக்குச் சிரிக்க வராது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குள் போனேன். பத்தடி நடந்து, திரும்பி வெளியே வந்தேன். காவலாளி கையை நீட்டி நிறுத்தினார். எதற்கு உள்ளே போனாய், எதற்கு உடனே வெளியே வருகிறாய், கையில் என்ன என்று ஹிந்தியில் கேட்டார். நான் தூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவர் பார்த்தது ஒரு பெண், பேசமாட்டேன் என்கிறாள், கம்பளி சுற்றின ஒரு பாத்திரம். குனிந்து காதை வைத்துக் கேட்டார். உள்ளே களக் களக் என்று சத்தம். ரயில் குலுக்கலிலும் கம்பளிச் சூட்டிலும் மாவு பொங்க ஆரம்பித்திருந்தது. அவர் ஒரு துள்ளுத் துள்ளிப் பின்னால் போய் விசிலை ஊதினார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. உள்ளே போகிறவர்களை நிறுத்தினார்கள். வெளியே வருகிறவர்களையும் நிறுத்தினார்கள். என்னைத் தூக்கைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் தூரப் போய் நின்றுகொண்டார்கள். என்னை மட்டும் யாரும் தூரப் போகச் சொல்லவில்லை. அப்பா கேட்டுக்கு வெளியிலிருந்து, "ஷகுன் ஹை பாய், ஷகுன்!" என்று கத்தினார். இன்னும் இரண்டு காக்கிகள் வந்தார்கள். அண்ணா வேலைக் கடிதத்தை ஆட்டிக் காட்டினான். அதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம். பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணா வெளியே நிற்பதைப் பார்த்தேன். அப்பா வேஷ்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்வைதான் என்று நினைத்தேன், பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை மாமா, "பீட் ஆஹே! இட்லீச்ச பீட்! இட்லி மாவு!" என்று மராத்தியிலும் தமிழிலுமாகக் கத்திவிட்டேன். மூன்றாம் மாடி ஜன்னலில் கூடத் தலைகள் தெரிந்தன. கத்தின வேகத்தில் மூடியையும் திறந்து காட்டினேன். வெள்ளை வெளேரென்று பொங்கி வழிந்தது. காவலாளி கிட்டே வந்தார். மோந்து பார்த்தார். "இதை முதலிலேயே சொல்லக் கூடாதா மகளே?" என்றார். அப்போது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டிவிட்டது.

இனி ஓடவேண்டியதுதான் என்று அண்ணா கேட்டுக்குள் காலை வைத்தான். அப்பா அவன் சட்டையைப் பிடித்தார். புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை ராகு காலம் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அப்பா, போதும்ப்பா!"

"மார்கழிய விட்டுக் கொடுத்தாச்சு. ஷிண்டே காக்குவ விட்டுக் கொடுத்தாச்சு. ராகு காலத்தையும் விட்டா நான் என்னடா மனுஷன்? இன்னிக்குள்ளதானே சேரணும்? இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இன்னிக்குதான்."

வேப்ப மரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். காவலாளி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ராகு காலம் முடிந்ததும் உள்ளே போனால், இரண்டு மணி வரை சாப்பாட்டு நேரம் என்றார்கள். இரண்டு மணிக்குக் குல்கர்ணி மேடம் வந்தார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் சூப்பிரண்டு. அண்ணாவின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கையெழுத்து வாங்கி, சுவர்க் கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்து ஏதோ எழுதி முத்திரை குத்தினார். அந்த டப் என்ற சத்தம் கேட்டதும் அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசி நாளில் வந்து சேருகிறீர்களே, கொடுத்துவைத்தவர்கள்தான் என்று அவரும் சிரித்தார். மாவுத் தூக்கைக் காவலாளியிடமே கொடுத்துவிட்டு வந்தோம். தூக்கைப் பிறகு அண்ணா திருப்பி வாங்கி வருவான்.

நிம்மதி என்றால் என்ன என்று நேற்று சாயங்காலம்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. அப்பா வரும் வழியிலேயே பேடா வாங்கி, தெரு முழுக்கக் கொடுத்தார். ஷிண்டே காக்குவுக்கு இரண்டு. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வேண்டிக்கொண்டாள். அப்பா சுவாமி அலமாரியிலிருந்து தேக்குச் செடி போட்டோவை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "வளரட்டும், எங்கயாவது வளரட்டும்" என்று பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். இன்றைக்கு ஒன்றாம் தேதி மாமா. அப்பா இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்கப்புறம் சுவரில் சாய்ந்து அம்மாவிடம், "விசாலம், இவன் ரிடையர் ஆனப்புறம் யார் கையையும் எதிர்பாக்க வேண்டாம்டீ" என்றார். அண்ணா இன்னும் முதல் மாதச் சம்பளமே வாங்கவில்லை. ஆனாலும் அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. தெருவில் இரண்டு குழந்தைகள் என்னைப் பார்த்து "இட்லி மாவு!" என்று கத்திவிட்டு ஓடுகின்றன, பேடா வாங்கின வீட்டுக் குழந்தைகள்தான். நேற்றைய தினத்தில் எனக்கு மிஞ்சிய நஷ்டம் அது ஒன்றுதான்.

ஆகையால் மாமா, நீங்கள் பார்த்துக் கொடுத்த நாளை மீறினோம் என்று மனதில் வைத்துக்கொள்ளாமல், அண்ணா முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்துப் பழைய பென்ஷன் வாங்கி, உங்களைப் போல ஒன்றாம் தேதிகளில் சந்தோஷமாக இருக்க ஆசீர்வாதம் பண்ணவும். மாமியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அம்மா சொன்னாள். எல்லோருடைய நமஸ்காரங்களும்.

உங்கள் மருமாள்,
அபயாம்பாள்

பி.கு.: இன்று திங்கட்கிழமை. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த கடிதத்தை அண்ணா பையிலேயே வைத்திருந்தான். மேலே எழுதினதையெல்லாம் படிக்காமல் இங்கிருந்து ஆரம்பித்தால் போதும், ஆனால் அதை நான் மேலேயே எழுதியிருக்க வேண்டும். ஆபீஸ் வழக்கப்படி, மத்தியானத்துக்கு முன் சேர்ந்தால்தான் அன்றைய தேதியாம். மத்தியானத்துக்குப் பிறகு சேர்ந்தால் மறுநாள் முதல்தான் சேர்ந்ததாகக் கணக்காம். ஆக அண்ணா சேர்ந்தது ஜனவரி ஒன்று. பென்ஷனும் இல்லை, தையும் இல்லை. சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்து ஃபண்டில் போடுவார்களாம். அண்ணா வெள்ளிக்கிழமை வந்து இதைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை. இன்று காலை தனியாக ரயிலேறிப் போய்க் குல்கர்ணி மேடத்தையே கேட்டுவிட்டு வந்தார். மேடம் பொறுமையாக எல்லாம் சொல்லிவிட்டு, இங்கே பெரியவர்களை அழைக்கிறபடி, "காக்கா, உங்கள் பிள்ளை ரிடையர் ஆக இன்னும் முப்பத்தேழு வருஷம் இருக்கிறது. அதற்குள் எத்தனை சர்க்கார், எத்தனை கமிட்டி! இந்தச் சட்டம் இப்படியேவா இருக்கும்? மனு எழுதுங்கள், எழுதிக்கொண்டே இருங்கள்" என்றாராம். அப்பா வரும்போதே ஒரு குயர் வெள்ளைத் தாளும் இரண்டு பேனாவும் வாங்கிக்கொண்டு வந்தார். வந்ததும் சாதம் போடச் சொன்னார். இப்போது கூடத்தில் உட்கார்ந்து முதல் மனுவை எழுதிக்கொண்டிருக்கிறார், யாரும் சத்தம் போடக் கூடாதாம், நாளை முதல் பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பாராம். கம்பெனி மூடின பிறகு அவர் முகத்தை இப்படி நான் பார்த்ததில்லை. அண்ணாவுக்கு மட்டும் இல்லை மாமா, அப்பாவுக்கும் முப்பத்தேழு வருஷத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.